நீஸா, மார்செய்யா, அவிஞோனா? தெற்கு பிரான்சில் மூன்று இரவுக்கு எந்த ஊர்

தெற்கு பிரான்சுக்கு மூன்று இரவு ஒதுக்கித் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று ஊரையும் அதற்குள் அடக்கப் பார்க்கிறார்கள். வேண்டாம். வரைபடத்தில் பக்கத்தில் தெரிந்தாலும் மார்செய்யிலிருந்து நீஸுக்கு ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தத் தடத்துக்கு இன்னும் அதிவேகப் பாதை வரவில்லை. அறையைக் காலி செய்வது, பெட்டியை இழுத்துக்கொண்டு ரயில் ஏறுவது, அடுத்த ஊரில் அறைச் சாவி கிடைக்கும்வரை காத்திருப்பது என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் அரை நாள் போய்விடும். போவது மத்தியானச் சாப்பாட்டு வேளையும் சேர்த்து. இந்தப் பகுதிக்கு வருவதன் பாதிப் பயனே அந்த வேளையில்தான் இருக்கிறது.

ஆகவே ஒரே ஊர். எது என்பதை முதலில் உங்கள் சாப்பாடு தீர்மானிக்கட்டும், அடுத்து நீங்கள் போய் இறங்கும் கிழமை, பிறகு மாதம். பார்க்கவேண்டிய இடங்களைக் கடைசியில் வைக்கலாம். மூன்று நாளைக்குப் போதுமானது மூன்று ஊரிலும் உண்டு.

ஊர் எதுவானாலும் சாப்பாட்டு மேசையின் நடைமுறை ஒன்றுதான். உணவக அடுப்பு பன்னிரண்டு மணிக்குப் பற்றும், இரண்டு மணிக்கு அணையும். இரண்டேகாலுக்குப் போனால் கதவு திறந்திருக்கும், மேசையும் காலியாக இருக்கும், சாப்பாடு கிடைக்காது. இரவில் ஏழு, ஏழரைக்கு முன்னால் சமையல் தொடங்காது. நாள் முழுக்கச் சமைக்கிறோம் என்று எழுதி, படம் போட்ட மெனுவை வாசலில் வைத்திருக்கும் கடைகள் வழிப்போக்கர்களை நம்பி நடப்பவை. உறைபதனப் பெட்டியிலிருந்து எடுத்துச் சூடாக்கியதுதான் பெரும்பாலும் தட்டுக்கு வரும். மத்தியானம் கரும்பலகையில் 'ஃபோர்முல்' என்று எழுதியிருப்பது இரண்டு வகை சேர்ந்த, விலை நிர்ணயித்த சாப்பாடு. சாதாரணமான நல்ல இடத்தில் ஏறத்தாழ 18 முதல் 25 யூரோ. அதே அடுப்படியில் இரவுச் சாப்பாடு 35, 40 யூரோவைத் தொடும். பெரிய சாப்பாட்டைப் பகலுக்கு வைத்து, இரவை எளிதாக முடித்துக்கொண்டால் நாக்குக்கும் பைக்கும் நல்லது. 'ஊன் கராஃப் தோ' என்று கேட்டால் சாப்பிடுகிறவர்களுக்குக் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தரவேண்டும் என்பது சட்டம். வெறுமனே தண்ணீர் கேட்டால் பாட்டில் வரும், பில்லிலும் ஏறும். சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கிவிட்டது. டிப்ஸ் உங்கள் விருப்பம்.

நீஸ்: சைவக்காரருக்கும் குடும்பத்துக்கும்

நீஸ் நிலையாகப் பிரான்சோடு சேர்ந்தது 1860-இல்தான். அதற்கு முன் பல நூற்றாண்டு பெரும்பாலும் சவோய் அரச குடும்பத்தின் கையில் இருந்தது. பழைய நகரத்தின் காவி, மஞ்சள் சுவர்களிலும் அடுப்படியிலும் இத்தாலியச் சாயல் இன்றும் இருக்கிறது. காய்கறி, கடலை மாவு, ஆலிவ் எண்ணெய் என்று ஏழை வீட்டுச் சமையலாக வளர்ந்தது என்பதால், இறைச்சி தொடாதவர்களுக்கு மூன்று ஊரில் இதுவே சுலபமான ஊர்.

இங்கே முதலில் சாப்பிடவேண்டியது சோக்கா. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். ஈயம் பூசிய அகலமான செப்புத் தட்டில் மெல்லியதாக ஊற்றி, கொதிக்கும் விறகடுப்புக்குள் தள்ளுவார்கள். மேல்புறம் கொப்பளித்து ஆங்காங்கே கருகியதும் வெளியே இழுத்து, வட்டக் கரண்டியால் சுரண்டி எடுத்து, கிழிசல் கிழிசலாகத் தாளில் போட்டு மிளகுத் தூள் தூவித் தருவார்கள். ஓரம் மொறுமொறுப்பாகவும் நடுப்பகுதி மெத்தென்றும் இருக்கும். பத்து நிமிடம் ஆறினால் ரப்பர்தான். ஆகவே வரிசையில் உங்கள் முறை வரும்போது தட்டில் அடிமிச்சம் மட்டும் கிடந்தால், பின்னால் நிற்பவரை முன்னே விட்டுவிட்டு அடுத்த தட்டு வரும்வரை நில்லுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, கேட்டதும் மைக்ரோவேவில் சூடாக்கித் தருகிற கடையை விட்டுத் தள்ளிப் போங்கள். ஒரு பங்கு சில யூரோதான். இரண்டு பேர் இரண்டு பங்கு வாங்கினால் காலைச் சாப்பாட்டுக்கும் மத்தியானத்துக்கும் இடைப்பட்ட பசி அடங்கும்.

ஆனால் 'சைவம்' என்று நினைத்து ஏமாறும் இடங்களும் இங்கேதான் அதிகம், காரணம் நெத்திலி. வெங்காயத்தை மணிக்கணக்கில் வதக்கி ரொட்டி மாவின் மேல் பரப்பிச் சுடும் பிஸ்ஸலாதியேர், பார்வைக்கு வெங்காய அப்பம். மேலே உப்பு நெத்திலி, சில வேளை வெங்காயத்துக்குள்ளேயே அரைத்த நெத்திலி. மேசையில் ரொட்டியோடு கொண்டுவந்து வைக்கும் கறுப்பு ஆலிவ் விழுதான தப்பனாடிலும் நெத்திலி உண்டு. நீசுவாஸ் சாலடிலும், அதையே உருண்டை ரொட்டிக்குள் அடைத்துத் தரும் பான் பான்யாவிலும் சூரை மீன், நெத்திலி, முட்டை மூன்றும் இருக்கும். காய்கறிக்குள் அடைத்துச் சுடும் 'ஃபார்சி'யில் உள்ளே இருப்பது கொத்துக்கறி. ரவியோலியின் மேல் மாட்டிறைச்சிக் குழம்பான தோப் ஊற்றுவது வழக்கம். பல இடங்களில் அந்தக் குழம்பின் இறைச்சியே பூரணமாகவும் இருக்கும். 'வெஜித்தாரியன்' என்று மட்டும் சொன்னால் மீனைத் தவிர்க்கத் தோன்றாத பரிமாறுபவர்கள் உண்டு. 'சான் வியாந்த், சான் புவாசோன், சான் ஆன்ஷுவா' என்று இறைச்சி, மீன், நெத்திலி மூன்றையும் தனித்தனியாகச் சொல்லி மறுத்துவிடுங்கள். நம்பிக் கேட்கக் கூடியவை: காய்கறிக் கூட்டான ரத்தத்தூய், பூசணிப் பூ பஜ்ஜி, கீரையும் உலர் திராட்சையும் பைன் விதையும் வைத்துச் சுட்ட இனிப்பு துர்த் த ப்ளெத். கடைசியில் சொன்னதில் முட்டை இருக்கும்.

சுற்றிப் பார்ப்பதற்குப் பகலை இப்படி வைத்துக்கொள்ளலாம். ஒன்பது மணிக்கு கூர் சலேயா சந்தை. பத்தரைக்கு மேல் கூட்டம் நெரிக்கும். அங்கிருந்து கடற்கரை ஓரமாக நடந்து போனால் கோட்டைக் குன்றுக்கு ஏறும் லிஃப்ட், கட்டணம் கிடையாது. கோட்டையை 1706-இல் பதினான்காம் லூயி இடித்துவிட்டதால் மேலே கோட்டையைத் தேடாதீர்கள். 92 மீட்டர் உயரத்திலிருந்து தெரியும் வளைகுடாதான் காட்சி. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அங்கிருந்து வேட்டுச் சத்தம் கேட்கும். தினமும் போடுகிறார்கள், பயப்படவேண்டாம், அதைக் கேட்டதும் சாப்பிட இறங்குங்கள். மத்தியானத்துக்கு மேல் சிமியே மேட்டுக்கு பஸ்ஸில் போய் ஷகால், மத்தீஸ் அருங்காட்சியகங்கள். நேரம் ஒன்றுக்குத்தான் என்றால் ஷகால். ஓவியர் ஷகாலின் படங்களைக் கருதியே கட்டி, 1973-இல் அவர் உயிரோடு இருக்கும்போதே திறந்த கட்டடம் என்பதால் வெளிச்சமும் சுவரும் படங்களுக்கென்றே அமைந்தவை. மாமாக் எனப்படும் நவீனக் கலை அருங்காட்சியகத்தைப் பழைய வழிகாட்டிகள் பரிந்துரைக்கும்; 2024 தொடக்கத்தில் புதுப்பிப்புக்காக நீண்ட காலத்துக்கு மூடினார்கள், போவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடற்கரை முழுக்கக் கூழாங்கல். வெறுங்காலில் நடந்தால் வலிக்கும், தண்ணீருக்குள் சில அடியிலேயே ஆழம் இறங்கிவிடும். குழந்தைகளுக்கு ரப்பர் செருப்பு வாங்கிக்கொண்டு போங்கள். சின்னக் குழந்தை என்றால் ரயிலில் பத்து நிமிடத்துக்குள் இருக்கும் வில்ஃப்ரான்ஷ் சுர் மேர் நல்லது, அலை அடங்கிய குடா. அதே ரயில் மொனாக்கோ வழியாக மான்தோன் வரை போகும். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு டிராமே வருவதும் குடும்பத்தோடு வருகிறவர்களுக்குப் பெரிய நிம்மதி.

மார்செய்: மீன் சாப்பிடுகிறவர்களின் ஊர்

மூன்றில் எங்கள் மனம் சாய்வது மார்செய் பக்கம். ஏறத்தாழ கி.மு. 600-இல் கிரேக்க மாலுமிகள் நிறுவிய துறைமுகம். புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்குக் கப்பலேறியவர்கள் கரையிறங்கியதும் இங்கேதான். நீஸின் ஒழுங்கு இங்கே கிடையாது. குப்பை கண்ணில் படும், போக்குவரத்து இரைச்சல், செயின் ஷார்ல் ரயில் நிலையத்தைச் சுற்றி இரவு பதினோரு மணிக்கு மேல் நடக்க மனம் வராது. கைப்பேசியை உணவக மேசை ஓரத்தில் வைக்கக் கூடாது, வாடகைக் காரில் பையை விட்டுப் போகவே கூடாது. இவ்வளவையும் பொறுத்துக்கொண்டால், கடலிலிருந்து தட்டுக்கு வரும் தூரம் இவ்வளவு குறைந்த இன்னொரு பெருநகரம் பிரான்சில் இல்லை.

பூயாபேஸ் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது இதில்தான். மீனவர்கள் விற்காமல் மிஞ்சிய பாறை மீன்களைக் கடற்கரையிலேயே கொதிக்கவைத்துச் சாப்பிட்டதிலிருந்து வந்த சமையல். இன்று அது ஏழைச் சாப்பாடு இல்லை. பேர் மட்டும் போட்டு ஏமாற்றுவது பெருகியதால் 1980-இல் ஊர் உணவகக்காரர்கள் சிலர் கூடி ஒரு சாசனம் எழுதினார்கள்: ராஸ்காஸ் என்னும் முள் பாறை மீன், ஜான் டோரி, பாம்பு விலாங்கு, குர்னார்ட் போன்று குறிப்பிட்ட பட்டியலிலிருந்து குறைந்தது நான்கு வகை மீன் வேண்டும். சரியான இடத்தில் அது இரண்டு கட்டமாக வரும். முதலில் சிறு பாறை மீன்களைத் தக்காளி, பெருஞ்சீரகக் கிழங்கு, பூண்டு, குங்குமப்பூவோடு வேகவைத்து வடித்த சாறு. கூடவே வறுத்த ரொட்டித் துண்டு, தேய்க்கப் பூண்டு, மிளகாயும் குங்குமப்பூவும் சேர்த்த 'ரூயி' விழுது. பிறகு முழு மீன்களைத் தட்டில் கொண்டுவந்து காட்டி, உங்கள் கண்ணெதிரே முள் நீக்கிப் பரிமாறுவார்கள். சாறு கேட்கக் கேட்க ஊற்றுவார்கள்.

இதற்கு ஆளுக்கு 60 யூரோவுக்கு மேல்தான் ஆகும், 80-ஐத் தாண்டுவதும் சாதாரணம். பல இடங்களில் இரண்டு பேருக்குக் குறையாமல் செய்வார்கள், ஒரு நாள் முன்னதாகச் சொல்லவேண்டும். பழைய துறைமுகத்தைச் சுற்றி 30 யூரோவுக்குப் பூயாபேஸ் என்று பலகை வைத்திருக்கும் கடைகளில் உறைபதன மீனும் பாக்கெட் சாறும் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த விலைக்கு நாலு வகைப் பாறை மீன் வாங்கவே முடியாது. முன்பே சொல்லாமல் உட்கார்ந்ததும் பத்து நிமிடத்தில் வந்தாலும் சந்தேகப்படுங்கள். இவ்வளவு செலவு கட்டுப்படாவிட்டால் 'சூப் த புவாசோன்' கேளுங்கள். அதே மாதிரி சாறு, அதே ரூயி, அதே ரொட்டி. முழு மீன் மட்டும் இல்லை. விலை நாலில் ஒரு பங்குக்குப் பக்கம். வேறு யாரும் சொல்லாவிட்டாலும் நாங்கள் சொல்கிறோம்: சுவையில் முக்கால்வாசி அந்தச் சாற்றிலேயே இருக்கிறது.

மற்ற வேளைகளுக்கு நோவாய் போங்கள். துறைமுகத்திலிருந்து பத்து நிமிட நடை. அல்ஜீரியா, துனீசியா, கொமோரோ தீவுகள் என்று வந்து சேர்ந்தவர்களின் சந்தைத் தெரு. ஹலால் இறைச்சிக்கு அலையவேண்டாம், எதிரெதிரே கடைகள். சைவக்காரர்கள் ஒன்று கவனிக்கவேண்டும்: காய்கறிக் குஸ்குஸ் என்று கேட்டாலும் ஊற்றும் குழம்பு பெரும்பாலும் ஆட்டுக்கறியோ கோழியோ வெந்த சாறு. கடலை மாவைக் கிளறி ஆறவைத்து, வெட்டிப் பொரித்த பனிஸ் வாங்கினால் பிரச்சினை இல்லை; லெஸ்தாக் கடலோரக் கடைகளில் அதுதான் பேர் பெற்றது. அதே எண்ணெயில் மீனும் பொரிப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பியே பாக்கே என்பது ஆட்டுக் குடலைச் சுருட்டி ஆட்டுக்காலோடு மணிக்கணக்கில் வேகவைத்தது. குடல் குழம்பு பிடித்தவர்களுக்கு இது விருந்து, மற்றவர்கள் பேரைப் பார்த்து ஆர்டர் செய்துவிடாதீர்கள்.

பார்ப்பதற்கு: காலையில் துறைமுக முனையில் மீன் கடைகள், கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த, முகம் தெரியும்படி பளபளக்கும் எஃகுக் கூரைக்குப் பக்கத்தில், மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். 2013-இல் திறந்த முசெம் அருங்காட்சியகத்தில் உள்ளே போக டிக்கெட் வேண்டும். ஆனால் மொட்டைமாடியும் பக்கத்து செயின் ஜான் கோட்டைத் தோட்டமும் இரண்டையும் இணைக்கும் நடைபாலமும் இலவசம். நேரம் குறைவு என்றால் இலவசப் பகுதியே போதும். நோத்ர் தாம் த லா கார்ட் தேவாலயத்துக்கு 60-ஆம் எண் பஸ்ஸில் ஏறி, நடந்து இறங்குங்கள். 1944 ஆகஸ்ட் சண்டையின் குண்டுத் தழும்பு வெளிச்சுவரில் இன்னும் இருக்கிறது; உள்ளே மாலுமிகள் நேர்ந்துகொண்டு கட்டிவிட்ட சிறு கப்பல்கள் கூரையிலிருந்து தொங்குகின்றன. ஈஃப் கோட்டைத் தீவுக்குப் படகு டிக்கெட்டை முந்தின நாளே வாங்குவதில் பொருளில்லை. காற்று பலமாக இருந்தால் தீவில் இறக்கமாட்டார்கள்.

கலாங்க் எனப்படும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைக் குடாக்கள், 2012 முதல் தேசியப் பூங்கா. கோடையில் காட்டுத்தீ அபாயத்தைப் பார்த்து மறுநாள் விடலாமா என்பதை முந்தின மாலை அறிவிப்பார்கள். சூஜித்தோன் குடாவுக்கு உச்சப் பருவத்தில் இலவச முன்பதிவு கட்டாயம், நாளொன்றுக்கு 400 பேர்தான். லுமினி பல்கலைக்கழக வளாகம் வரை பஸ். பிறகு முக்கால் மணி, ஒரு மணி நேர நடை. போவது இறக்கம், வருவது ஏற்றம், வழியில் தண்ணீர் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

அவிஞோன்: நடந்தே முடித்துவிடக் கூடிய ஊர்

கடல் தேவையில்லை, கல்லும் வரலாறும் போதும் என்பவர்களுக்கு அவிஞோன். 1309 முதல் 1377 வரை போப்பாண்டவர்கள் ரோமில் அல்ல, இங்கே இருந்தார்கள். அவர்கள் அரண்மனையின் பெரும்பகுதி இருபது ஆண்டுக்குள் எழும்பியது. உள்ளே போகிறவர்கள் பலர் ஏமாற்றத்தோடு வெளியே வருவதற்குக் காரணம், அறைகள் வெறுமையாக இருப்பது; இருந்ததெல்லாம் போய்விட்டது, பிறகு நெடுங்காலம் ராணுவம் குடியிருந்தது. டிக்கெட்டோடு தரும் டேப்லெட்டை ஒவ்வொரு அறையிலும் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், இல்லையென்றால் வெறும் சுவரைத்தான் பார்ப்பீர்கள். வேட்டைக் காட்சிகள் தீட்டிய போப்பின் படிப்பறையை அவசரமாகக் கடக்காதீர்கள். இரண்டு மணி நேரம் வேண்டும்.

உடைந்த பாலத்தில் 22 வளைவில் நான்கே மிச்சம். பாலத்தின் மேல் நடக்கக் காசு. ஆற்றில் ஓடும் இலவசப் படகில் எதிர்த் தீவுக்குப் போய்ப் பார்த்தால் பாலமும் அரண்மனையும் சேர்ந்து ஒரே பார்வையில் கிடைக்கும். குளிர்காலத்தில் படகு குறைவு.

சாப்பாட்டில் நீஸ், மார்செய் அளவுக்குத் தனித்துவம் இல்லை என்பதே எங்கள் கருத்து. கத்திரிக்காயை முட்டையோடு சேர்த்துச் சுடும் பப்பத்தோன், ரோன் பள்ளத்தாக்கு ஒயின், மூடிய சந்தையான லெ ஆலில் நின்றபடி சாப்பிடும் மத்தியானம், இவை நல்லவை. இந்த ஊரின் பலம் சுற்றுவட்டாரம். ஆர்ல் நகரின் ரோமானிய அரங்கம் ரயிலில் இருபது நிமிடம். சனிக்கிழமை போனால் அங்கே நீண்ட தெருச் சந்தையும் சேரும். 49 மீட்டர் உயர ரோமானிய நீர்ப்பாலமான போன் துய் காருக்கு பஸ் உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு. திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள்.

கிழமையும் மாதமும்

திங்கட்கிழமை நீஸின் கூர் சலேயாவில் காய்கறி, பூக் கடைகளுக்குப் பதில் பழம்பொருள் கடை போடுவார்கள். அன்றே அவிஞோன் லெ ஆல் மூடியிருக்கும், மார்செய் நகராட்சி அருங்காட்சியகங்களும் மூடியிருக்கும். செவ்வாயன்று ஷகால், மத்தீஸ், முசெம் மூன்றும் விடுமுறை. ஞாயிறு மாலையும் திங்களும் நல்ல உணவகங்கள் பாதிக்கு மேல் அடைத்துவிடும். வியாழன் வந்து ஞாயிறு கிளம்புவதுபோல் அமைந்தால் மூன்று ஊரும் முழுதாகக் கிடைக்கும். ஞாயிறு முதல் புதன் வரைதான் முடியும் என்றால் மார்செய்யைத் தேர்ந்தெடுங்கள்: திங்களன்று தேவாலயம், நோவாய் சந்தை, செவ்வாயன்று படகு அல்லது கலாங்க். மூடிய கதவுகளால் குறையும் பங்கு அங்கேதான் சிறியது.

ஜூலையில் அவிஞோனில் 1947 முதல் நடக்கும் நாடக விழா. பிரெஞ்சு நாடகத்தில் ஆர்வம் இருந்தால் அதைவிட நல்ல மாதம் இல்லை. இல்லையென்றால் அறை விலையும் வெயிலும் சேர்ந்து வாட்டும். ஜூலை, ஆகஸ்டில் கலாங்க் மூடப்படும் நாள்கள் வரும் என்பதால் மார்செய்யின் பாதி அழகு நிச்சயமில்லை. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வீசும் மிஸ்திரால் காற்று அவிஞோனையும் மார்செய்யையும் நாள்கணக்கில் அடிக்கும். மலை மறைப்பில் இருக்கும் நீஸ் பெரும்பாலும் தப்பிவிடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை என்றால் யோசிக்கவே வேண்டாம், நீஸ். மே, ஜூன் தொடக்கம், செப்டம்பர் கடைசி என்றால் மார்செய்.

பாரிஸிலிருந்து ரயிலில் வருகிறவர்களுக்கு அவிஞோன் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி, மார்செய் மூன்றேகால், நீஸ் ஆறு மணிக்குக் கிட்டத்தட்ட. நீஸுக்கு விமானம் ஏறுவதே மேல்.

நாலாவது இரவு கிடைத்தால் மட்டும் இரண்டு ஊர் சேர்க்கலாம், அதுவும் அவிஞோனையும் மார்செய்யையும்: முதல் இரவு அவிஞோன், மீதி மூன்றும் மார்செய். அதிவேக ரயிலில் இடையே அரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். அவிஞோனின் அதிவேக ரயில் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. மதில் ஓரத்து நடு நிலையத்திலிருந்து அங்கே போக ஐந்து நிமிட இணைப்பு ரயில் உண்டு. டிக்கெட்டில் எந்த நிலையம் போட்டிருக்கிறது என்பதைக் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்; இரண்டும் 'அவிஞோன்' என்றே தொடங்கும்.